கூரை யாருடையது?



2025ஆம் ஆண்டில் கேரளத்தில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. வீட்டுக் கூரையில் சூரிய ஒளித் தகடு வைத்து மின்சாரம் எடுப்பவர்களுக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது, பகலில் போர்டுக்குக் கொடுத்த யூனிட்டை இரவில் ஒன்றுக்கு ஒன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்பது கேள்வி. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கூரை உள்ளவர்கள் திரண்டு வந்து தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள். பத்திரிகைகள் எழுதின. நல்லது. கரியை எரிக்காமல் மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இந்த மலைக்கு அது புதிய விஷயமும் அல்ல. 1940லேயே பள்ளிவாசலில் தண்ணீரை உருட்டி விட்டு விளக்கு எரித்தார்கள். சின்னக்கானல் பக்கத்து ஆனையிறங்கல் அணையில் தேங்கும் தண்ணீர் பன்னியாற்றில் இறங்கி, பொன்முடி அணையைத் தொட்டு, பன்னியார் மின் நிலையத்தின் சக்கரத்தைச் சுற்றுகிறது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த மலை இது.

ஆனால் கூரை மின்சார விவாதத்தில் நம் மக்கள் எங்கே இருந்தார்கள்? எங்கும் இல்லை. மத்திய சர்க்கார் 2024ல் கொண்டுவந்த வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் சொந்த வீடு இருக்க வேண்டும், அதற்குத் தகுந்த கூரை இருக்க வேண்டும். லயத்துக் கூரை கம்பெனியுடையது. ஏலக்காட்டு ஷெட்டின் தகரம் முதலாளியுடையது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பத்திற்குத் தலைக்கு மேலே சொந்தமாக ஓர் ஓடு கிடையாது.

மானியம் போனால் போகட்டும். கூரை யாருடையது என்ற கேள்வி மின்சாரத்தோடு நிற்கவில்லை என்பதுதான் நம் கவலை. அந்தக் கூரையின் கீழே அடி வாங்கும் ஒரு பெண் கோர்ட்டுப் படி ஏறுவாளா மாட்டாளா என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. இந்த மாதம் நாம் பேச வந்தது அதைப் பற்றி.

அவள் ஏன் வாய் திறப்பதில்லை?

ரயில்வேயில் டிக்கட் கொடுக்கும் வேலையில் இருக்கும் நமக்கு ஒரு காட்சி பழகிப் போனது. இராத்திரி வண்டிக்கு ஒரு பெண் வருவாள். கையில் ஒரு துணிப்பை, இடுப்பில் ஒன்று, விரலைப் பிடித்துக்கொண்டு ஒன்று. முந்தானையால் ஒரு பக்கக் கன்னத்தை மூடியிருப்பாள். "ஒரு முழு டிக்கட், ஒரு அரை டிக்கட்" என்பாள். எந்த ஊருக்கு என்று கேட்டால் தாய் வீடு இருக்கும் ஊரைச் சொல்வாள். பத்து நாளில் அதே பெண் அதே பையோடு திரும்பி இறங்குவாள். தாய் வீட்டில் சோறு இல்லை, தம்பி பெண்டாட்டிக்கு முகம் கோணிவிட்டது, மஸ்டரில் பெயர் அடிபட்டுப் போகும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். திரும்பிப் போகத்தான் வேண்டும்.

சங்க வேலையாகச் சின்னக்கானல், சூரியநெல்லி, பூப்பாறை பக்கம் போகும்போது இப்படிப்பட்ட சகோதரிகளிடம் கேட்டிருக்கிறோம். ஏனம்மா, ஸ்டேஷனில் சொல்லக்கூடாதா என்று. ஒரு சகோதரி சொன்ன பதில்: "சொன்னா அவருக்கு வேலை போயிரும் அண்ணே. வேலை போனா லயம் போயிரும். பிள்ளைகளை எங்க கொண்டு வைக்க?"

இதற்குப் பதில் சொல்லாமல் பெண்களுக்குத் தைரியம் வேண்டும் என்று மேடையில் பேசுவதில் பொருள் இல்லை. தைரியம் இல்லாத பெண்களா இவர்கள்? 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான கொழுந்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். கட்சித் தலைவர்களையும் பழைய யூனியன் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஒன்பது நாளில் கம்பெனியைப் பணிய வைத்தார்கள். பொம்பிளை ஒருமை என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. கம்பெனியை எதிர்த்து நின்ற அந்தக் கைகள் வீட்டுக்குள் அடியைத் தாங்குகின்றன என்றால், காரணம் பயந்த சுபாவம் அல்ல. வெளியே தோற்றால் போவது போனஸ். வீட்டுக்குள் தோற்றால் போவது கூரை.

2019க்கும் 2021க்கும் இடையில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன மணமான பெண்கள் தமிழ்நாட்டில் 100க்கு 38.1 பேர், கேரளத்தில் 9.9 பேர். அப்படியானால் மலை ஏறி வந்துவிட்டால் அடி குறைந்துவிடுமா? அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. ஏதாவது ஒரு காரணத்திற்காகக் கணவன் அடிப்பது நியாயமே என்று சொன்ன பெண்கள் கேரளத்தில் 100க்கு 52.4 பேர். அடி நியாயம் என்று நினைப்பவள் அடியைக் கணக்கில் சொல்வாளா? ஆகவே கேரளத்துச் சின்ன எண்ணைக் காட்டி, இங்கே பிரச்சினை இல்லை என்று எந்த அதிகாரியும் நம்மிடம் பேச வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. நம் வீடுகளில் பாதிப் பேருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

முதலாவது, இந்தச் சட்டம் புருஷனைப் பிடித்து ஜெயிலில் போடுவதில் தொடங்கவில்லை. பெண் கேட்பது பாதுகாப்பு. மாஜிஸ்திரேட் "இனி அடிக்காதே, வேலைத்தலத்துக்குப் போய் வம்பு செய்யாதே, வீட்டை விட்டு விரட்டாதே, செலவுக்குப் பணம் கொடு" என்று உத்தரவு போடுவார். தேவைப்பட்டால் வீட்டை விட்டு அவனையே வெளியேறச் சொல்லலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவசரமானால் எதிர்த்தரப்பு வருமுன்பே இடைக்கால உத்தரவு தரவும் வழி உண்டு.

இரண்டாவது, அடி மட்டும் வன்முறை அல்ல. வாயால் கொல்வதும், விருப்பமில்லாமல் உடம்பைத் தொடுவதும், கையில் காசில்லாமல் செய்வதும் வன்முறை என்றே சட்டம் சொல்கிறது. மாதம் முழுக்கக் கொழுந்து கிள்ளியவளின் சம்பளம் பாங்கிலே விழுகிறது. ஏடிஎம் கார்டு அவன் சட்டைப் பையில் கிடக்கிறது. இதுவும் பொருளாதார வன்முறைதான்.

மூன்றாவது, கூரை. ஒன்றாகக் குடியிருந்த வீட்டில் இருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. வீடு அவள் பெயரில் இல்லையென்றாலும் உண்டு என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. மாமனார் வீடு, மாமியார் வீடு என்றால் மருமகளுக்கு உரிமை இல்லை என்று 2006ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லிப் பல பெண்களைத் தெருவில் நிறுத்தியது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அது தவறு என்று திருத்தியது. சொத்து யாருடையது என்பதல்ல, அங்கே குடும்பம் நடந்ததா என்பதே கேள்வி.

நான்காவது, இது ஊர்விட்டு ஊர் வந்த நமக்கென்றே எழுதியது போன்ற பிரிவு. மனுவை எங்கே போடுவது? பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் ஊரில் போடலாம். வேலை செய்யும் ஊரில் போடலாம். அவன் இருக்கும் ஊரிலும் போடலாம். அடி விழுந்தது சின்னக்கானலில் என்றாலும், தாய் வீடு போடியில் என்றால் போடியிலேயே மனு கொடுக்கலாம். போட்ட உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். 1956ல் நம் நடுவே மாநில எல்லைக் கோடு போட்டார்கள். போடிமெட்டுச் செக்போஸ்டைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும் என்று சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப எவருக்கும் அதிகாரம் இல்லை. கணவன் கொடுமைக்கான கிரிமினல் வழக்கையும் அடைக்கலம் புகுந்த ஊரில் போடலாம் என்று 2019ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. டிக்கட் எடுத்து இறங்கும் சகோதரி அந்தப் பத்து நாளில் இதைச் செய்யலாம்.

ஐந்தாவது, நாள் கடந்துவிட்டதே என்று விடவும் வேண்டாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் எடுத்த முடிவை 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது.

ஆறாவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு. லயத்தில் ஒரு சுவர்தான் நடுவே. அந்தப் பக்கம் விழும் அடி இந்தப் பக்கம் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் வழக்கு வராது என்று சட்டமே காப்புக் கொடுத்திருக்கிறது.

நம்மவர் சொல்லும் சாக்குகள்

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார்கள். இந்தப் பழமொழியைச் சொன்னவன் அடித்தவனாக இருப்பான். அடிபட்டவள் சொல்லியிருக்க மாட்டாள்.

"எல்லாம் குடிதான் காரணம்" என்பார்கள். குடி வீட்டைக் கெடுக்கிறது, உண்மைதான். ஆனால் எவ்வளவு குடித்தாலும் மானேஜர் பங்களா வாசலில் போய் ஒருவன் கை ஓங்கியதை நாம் கண்டதில்லை. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்பது போதையிலும் தெளிவாகத் தெரிகிறது. அப்படியென்றால் குற்றம் பாட்டிலுக்குள் மட்டும் இல்லை.

"வழக்கு என்று போனால் மலையாளிகள் முன்னால் தமிழன் மானம் போகும்" என்பார்கள். மானம் அடியில் போகாமல் மனுவில் போகுமா?

"பெண்கள் பொய்க் கேஸ் போடுகிறார்கள்" என்பார்கள். இதை நாம் மூடி மறைக்கவில்லை. குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் கணவன் குடும்பத்தார் அத்தனை பேரையும் வழக்கில் இழுப்பது கூடாது என்று 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. சரிதான். நடந்ததை நடந்தபடி, செய்தவன் பெயரை மட்டும் எழுத வேண்டும். ஆனால் எங்கோ ஒரு பொய் வழக்கு இருக்கிறது என்பதற்காக இங்கே கண்ணெதிரே வீங்கிய கன்னம் பொய்யாகிவிடாது.

இன்னொரு சாக்கு நம் சங்கங்களுக்குள்ளேயே இருக்கிறது. "நாங்கள் பேசித் தீர்த்துவிட்டோம்" என்பது. என்ன பேசுகிறார்கள்? நாலு ஆண்கள் உட்கார்ந்து, அவனை இரண்டு வார்த்தை திட்டி, அவளை அனுசரித்துப் போகச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, அதே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சம்பளத் தகராறில் முதலாளியும் தொழிலாளியும் அனுசரித்துப் போங்கள் என்று ஒருவன் சொன்னால் அவனைக் கருங்காலி என்கிறோம். வீட்டுத் தகராறில் மட்டும் அவன் எப்படிப் பெரியமனிதன் ஆகிறான்?

கோர்ட்டு எவ்வளவு தூரம்?

சட்டப்படி மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை. அதிலிருந்து 60 நாளுக்குள் முடித்து வைக்க முயல வேண்டும். தாளில் அப்படி. ஆனால் மலைப் பெண்ணுக்குக் கோர்ட்டு என்பது ஒரு நாள் கூலி, ஜீப் கூலி, பஸ் கூலி. தேவிகுளத்துக்கோ அடிமாலிக்கோ போய், புரியாத மொழியில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருந்து, வாய்தா வாங்கித் திரும்புவது.

நீதி தாமதமானால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996ல் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை சூரியநெல்லி வழக்கு என்றே பெயர் பெற்றது. அது குடும்ப வன்முறை வழக்கு அல்ல. ஆனால் ஒரு பெண் கோர்ட்டில் எவ்வளவு காலம் நிற்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அளவுகோல். 2000ல் சிறப்புக் கோர்ட் 35 பேரைத் தண்டித்தது. 2005ல் உயர்நீதிமன்றம் ஒருவரைத் தவிர எல்லோரையும் விடுவித்தது. 2013ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2014ல்தான் உயர்நீதிமன்றம் பெரும்பாலோரின் தண்டனையை உறுதி செய்தது. 18 ஆண்டுகள்! இதைப் பார்த்து வளர்ந்த பெண்ணிடம் கோர்ட்டுக்குப் போ என்று சொல்ல நமக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்?

அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியவர் பாதுகாப்பு அதிகாரி. மனு எழுத உதவுவது, சம்பவ அறிக்கை தயாரிப்பது, வைத்தியத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்வது அவர் வேலை. அவர் மாவட்டத் தலைமையிடத்தில் உட்கார்ந்திருந்தால் சின்னக்கானல் லயத்துக்கு எப்போது வந்து சேருவார்? 2025 மே 20ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது: மாவட்ட அளவில் மட்டுமல்ல, தாலுகா அளவிலும் பாதுகாப்பு அதிகாரிகளை ஆறு வாரத்துக்குள் நியமிக்க வேண்டும். சட்டம் வந்து ஏறத்தாழ 20 ஆண்டுக்குப் பிறகு இதைக் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது! மின்சாரக் கம்பியை ஊர் ஊராக இழுத்துவிட்டு, அதில் கரண்ட் விடாமல் வைத்திருந்தால் எப்படியோ அப்படித்தான் அதிகாரி இல்லாத சட்டமும்.

மிச்சமிருக்கும் ஓட்டை

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சகோதரியின் கேள்வி நிற்கிறது. கோர்ட்டு உத்தரவு கணவனைக் கட்டுப்படுத்தும். அவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, லயத்தைக் காலி செய் என்று கம்பெனி நோட்டீஸ் கொடுத்தால்? அந்த உத்தரவு மட்டும் கம்பெனியைத் தடுத்து நிறுத்தும் என்று நம்பி இருக்க முடியாது.

தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தொகுப்புச் சட்டத்திலும் தோட்டத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீட்டு வசதி என்ற ஏற்பாடு இருக்கிறது. விவரங்களை மாநில விதிகள் சொல்ல வேண்டும். நமக்கு வாய்ப்பு அங்கேதான். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீடு வேலைக்குக் கொடுப்பது என்றால், அவள் வேலை செய்யவில்லையா? பின் ஏன் எஸ்டேட் ஆபீஸ் ரிஜிஸ்தரில் அவன் பெயர் மட்டும்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: கணவன் மனைவி இருவரும் தொழிலாளிகளாக உள்ள லயத்து வீடு இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும். வன்முறைக்காக அவன் வெளியேற்றப்பட்டால் வீடு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தொடர வேண்டும். அவன் மட்டுமே தொழிலாளி என்றாலும் கோர்ட்டு உத்தரவு நிலுவையில் உள்ள வீட்டைக் காலி செய்யக் கூடாது. மாநில விதிகளிலும் அடுத்த சம்பள ஒப்பந்தத்திலும் இதை எழுதி வாங்க வேண்டும்.

இரண்டு: தேவிகுளம், உடும்பன்சோலை தாலுகாக்களில் தமிழ் பேசத் தெரிந்த பாதுகாப்பு அதிகாரி, லயங்களுக்கு முறை வைத்து நேரில் வர வேண்டும். சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் சர்க்கார் ஆபீசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே உரிமை தந்திருக்கிறது. இது பிச்சை அல்ல.

மூன்று: ஏலக்காட்டுக்குத் தேனிப் பக்கத்திலிருந்து தினமும் ஜீப்பில் வந்து போகும் பெண்களுக்கும், ஷெட்டில் தங்கும் குடும்பங்களுக்கும் இந்த ஏற்பாடு முழுதும் பொருந்த வேண்டும். லயம் இல்லாதவளுக்கு அவசரத்தில் தங்க ஓர் இடம் மலையிலேயே வேண்டும்.

நான்கு: சங்கங்கள் இனிமேல் அடி வழக்கில் "அனுசரித்துப் போ" என்ற தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெண் விரும்பினால் கோர்ட்டுக்குக் கூட வர வேண்டும். அன்றைய கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். பேசும் இடத்தில் பெண்கள் பாதிக்குக் குறையாமல் உட்கார வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் இருக்கிறது. 181 என்ற எண் பெண்கள் உதவிக்கு, 112 போலீசுக்கு, 15100 இலவசச் சட்ட உதவிக்கு. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மூன்று எண்களையும் பிள்ளைக் காப்பகச் சுவரில், தண்ணீர் பைப்படியில், மஸ்டர் கூடும் இடத்தில் தமிழில் எழுதி வையுங்கள். அடிபட்டவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் விழுந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொல்லிச் சீட்டில் எழுத வைக்க வேண்டும். நாளைக்கு அந்தச் சீட்டு அவளுக்காகப் பேசும்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி நம்மை மனிதனாக மதிக்கவில்லை என்று கொடி பிடிக்கிறோம். மாலையில் வீடு திரும்பி, நமக்காக விறகு சுமந்து வந்தவளை நாம் எப்படி மதிக்கிறோம்? கூலி உயர்வுக் கூட்டத்தில் பேசும் அதே குரலில், பக்கத்து வீட்டில் கை ஓங்குபவனிடம் "நிறுத்து" என்று சொல்லப் பழகுவோம். அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களில் இந்த நான்கு கோரிக்கைகளையும் முதல் பொருளாக வையுங்கள். பெண்களை முன் வரிசையில் உட்கார வைத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களோடு தீர்மானமாக்கி அனுப்புங்கள்.